தண்ணீர் மட்டும் பாக்கி

ராமநாதபுரம் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தபோது கடல் முழுவதும் கிழக்குப் பக்கத்துக்காரர்களுக்குப் போய்விட்டது. மேற்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக்கு மலையும் பஞ்சாலைகளும் வெயிலும் வந்தன. நாற்காலி, மேசை, பீரோ, ஜீப்பு என்று எல்லாவற்றையும் பங்குபோட்டு முடித்த அதிகாரிகள், கடைசியில் ஒரு கிட்டங்கியில் பிரிக்காமலே கிடந்த மரப்பெட்டிகளைப் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கடலை விட்டுக்கொடுத்தவர்களுக்கு ஏதாவது கொடுத்தால்தான் நியாயம் என்று, பெட்டிகளை மேற்கே அனுப்பிவிட்டார்கள்.

பெட்டிகள் வழியில் பல ஆபீஸ்களில் தங்கி, சில வருஷம் கழித்து ஒரு லாரியில் ராஜபாளையத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றின் வாசலில் வந்து இறங்கின. அப்போது ஜெயபாய் டீச்சர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வளையப்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தளவாய்புரத்துக்காரி. பல வருஷமாக அங்கே விளையாட்டு டீச்சர். வெயிலில் நின்று நின்று முழங்கால் தேய்ந்து, இப்போதெல்லாம் விசில் ஊதுவதோடு சரி.

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"பெட்டியில 'உடற்பயிற்சி'ன்னு போட்டிருக்கு ஜெயபாய். உடம்புன்னு ஆரம்பிச்சா எல்லாம் உனக்குத்தான். கையெழுத்தப் போடு."

போட்டாள். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறந்தார்கள். நுரைப் பலகைகள் இருந்தன. உள்ளங்கையில் ரப்பர் வாரால் மாட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் தட்டுகள் இருந்தன. உடுக்கை மாதிரி நடுவில் சிறுத்த கட்டைகள், தவளைக்கால் போன்ற ரப்பர் செருப்புகள், கைப்பிடி வைத்த ரப்பர் குழாய்கள். எல்லாவற்றுக்கும் அடியில் சாய்வான நீளப் பெஞ்சுகள். பெஞ்சின் தலைமாட்டில் கப்பியும் கயிறும். கூட இருந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரி அந்தப் பெஞ்சில் குப்புறப் படுத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு படத்தில் உடுக்கைக் கட்டையைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் தட்டோடு நீச்சல்குளத்தில் போனாள்.

"நீச்சலாம்மா?" என்றாள் ஜெயபாய். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள ஒரு போர் பம்பு இருந்தது. அதுவும் அடித்தால் பாதி நாள் காற்றுதான் வரும்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதும்மா. கெணத்துப் பக்கமே எங்க அய்யா விட்டதில்ல."

"பரவாயில்ல. பிள்ளைகளோட சேர்ந்து படிச்சுக்கோ" என்றார் தலைமையாசிரியை.

சாமான் வந்துவிட்டதால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கழகம் தேவைப்பட்டது. நீச்சல் நுட்ப மேம்பாட்டுக் கழகம் என்று ஒன்றை ஏற்படுத்தி, வைகுண்டராஜ் என்பவரைத் திட்ட அலுவலராகப் போட்டார்கள். அவர் அதற்கு முன்னால் முயல் வளர்ப்புத் திட்டத்தில் இருந்தவர். முயல்கள் தீர்ந்துபோனதும் இங்கே மாற்றியிருந்தார்கள்.

கழகத்தின் தொடக்க விழா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஜெயபாயை மேடையில் ஓரமாக உட்காரவைத்து, அவள்தான் பயிற்றுநர் என்று அறிவித்தார்கள். வைகுண்டராஜ் மைக்கைப் பிடித்தார்.

"பல மாவட்டங்களில் தண்ணீர் இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது? ஆளாளுக்குக் குதிக்கிறார்கள். இஷ்டத்துக்குக் கை காலை அடிக்கிறார்கள். கரையேறிப் போய்விடுகிறார்கள். நுட்பம் என்பது மருந்துக்கும் இல்லை. நம்மிடம் அந்தக் கெடுதல் கிடையாது. நம் பிள்ளைகள் ஒருமுறைகூடத் தப்பாக நீந்தியதில்லை. ஏனென்றால் நீந்தியதே இல்லை. இப்படி ஒரு தூய்மையான நிலையிலிருந்து தொடங்கும் வாய்ப்பு வேறு எந்த மாவட்டத்துக்கும் கிடைக்கவில்லை. கருவி தயார். பயிற்றுநர் தயார். கழகம் தயார். தண்ணீர் மட்டும்தான் பாக்கி. அதற்கும் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்."

நன்றாகக் கை தட்டினார்கள். ஜெயபாயும் தட்டினாள். காப்பி கொடுக்கிற சமயம் பார்த்து மெல்ல அவரிடம் போனாள்.

"சார், தண்ணி வாரவரைக்கும் பிள்ளைகளக் கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போயிப் பழக்கவா?"

"சாமான் நனைஞ்சா யாரு பொறுப்பு?"

"நீச்சச் சாமான் நனையத்தானே சார் செய்யும்?"

வைகுண்டராஜ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "டீச்சர், அது அரசாங்கச் சொத்து. அரசாங்கச் சொத்தைத் தூக்கித் தண்ணியில போடலாமா?"

அப்படிக் கேட்டால் யாரால்தான் போடலாம் என்று சொல்ல முடியும்? ஜெயபாய் காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினாள்.

அதிலிருந்து தினமும் சாயந்திரம் சத்துணவுக் கூடத்தில் நீச்சல் நடந்தது. சோற்றுப் பருக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டுப் பெஞ்சுகளைப் போடுவார்கள். பிள்ளைகள் வரிசையாகக் குப்புறப் படுத்துக் கப்பிக் கயிற்றை இழுப்பார்கள். ஜெயபாய் படத்தைப் பார்த்து, "முழங்கைய ஒசத்து... வெரலச் சேத்து வை..." என்று சொல்லிக்கொண்டே போவாள். ஏன் ஒசத்த வேண்டும், ஏன் சேர்க்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியாது. படத்தில் அப்படி இருந்தது. பிளாஸ்டிக் தட்டை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் ஒருத்திக்கொருத்தி விசிறிவிட்டார்கள். அதற்கு மட்டும் அது நன்றாக உதவியது.

மாதா மாதம் வைகுண்டராஜ் ஜீப்பில் வருவார். எல்லாச் சாமானையும் தொட்டுப் பார்ப்பார். எங்கேயும் ஈரம் இல்லை என்றதும் முகம் மலரும். "முன்னேற்றம் திருப்தி" என்பார்.

வீட்டில் அவள் புருஷன் ராஜரத்தினம், "ஏட்டி, இன்னைக்கு எம்புட்டுத் தூரம் நீந்துனீங்க?" என்று கேட்பார். முதலில் இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆறேழு மாதம் போனதும் அவர் கேட்பதை விட்டுவிட்டார். பதில் சொல்லத் தெம்பில்லாமல் அவள் முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொண்டிருப்பாள்.

இப்படியே இரண்டு மூன்று வருஷம் போனபின் தேர்தல் வந்தது. ஜெயபாய்க்கு வத்திராயிருப்பு பக்கம் மகாராஜபுரத்தில் டூட்டி. முதல் நாள் சாயந்திரமே போய்ச் சேர்ந்துவிட்டவள், முகம் கழுவலாமென்று கண்மாய்க் கரைக்குப் போனாள். நல்ல மழை பெய்து கண்மாய் நிறைந்து கிடந்தது. நட்ட நடுவில் ஒரு எருமைக் கூட்டம் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, வீட்டுக்கு வர மனசில்லாமல் கிடந்தது. கரையிலிருந்து ஒரு பெண் பாவாடையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு குதித்தாள். இந்தக் கையும் அந்தக் கையுமாகத் தண்ணீரை அறைந்துகொண்டு அவள் போன போக்கில், எருமைகளே பயந்துபோய்க் கரைக்குத் திரும்பின. கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு அவளும் வந்து ஏறினாள்.

"ஐயோ, டீச்சர்!" என்று பாவாடையை இறக்கிவிட்டாள்.

பார்த்தால் பத்தாம் வகுப்பு வேலுத்தாய். ராஜபாளையத்தில் மாணவியர் விடுதியில் தங்கி ஜெயபாயின் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறவள். லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாள்.

"ஏட்டி, இம்புட்டு நல்லா நீந்துத. நீச்ச வகுப்புக்கு ஒரு நாளும் வரலியே!"

"அது நீச்சலா டீச்சர்?" என்றாள் வேலுத்தாய். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

அவளுடைய அம்மா இருளம்மாள் வயக்காட்டு வேலைக்குப் போகிறவள். பத்தாவது முடிந்ததும் மகளை பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கு அனுப்புவதாக, ஆள் பிடிக்கிற ஏஜெண்டிடம் பேசி முடித்திருந்தாள். வேலுத்தாய்க்குப் படிக்க ஆசை. சென்னையில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதி இருப்பது ஜெயபாய்க்குத் தெரியும். அங்கே சேர்ந்துவிட்டால் பன்னிரண்டாவது வரைக்கும் சோறும் படிப்பும் அவர்கள் பொறுப்பு. அதற்கு மாநிலப் போட்டியில் யாராவது பார்த்துக் கேட்க வேண்டும். மாநிலப் போட்டிக்குப் போக வேண்டுமென்றால் கழகம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அன்றிரவு ஓட்டுப்பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஜெயபாய் கழகத்தால் ஒரு நன்மை நடக்கக்கூடும் என்று நினைத்தாள்.

தேர்வு அதே கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரத்தை இன்னும் அவிழ்க்கவில்லை. மணவறை மேடையில் பெஞ்சுகளைப் போட்டிருந்தார்கள். நடுவர்களாக வைகுண்டராஜும், ரிட்டயரான தாசில்தார் ஒருவரும், காப்பிச் செலவை ஏற்றுக்கொண்ட அரிசி மில்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கை உயரத்துக்கு மதிப்பெண், விரல் சேர்க்கைக்கு மதிப்பெண், முகத்தில் அமைதிக்கு மதிப்பெண்.

வேலுத்தாய் படுத்தாள். விசில் ஊதியதும் எருமை நடுக்கண்மாயில் நிற்பதாக நினைத்துக்கொண்டாளோ என்னவோ, இழுத்த இழுப்பில் கப்பி கிரீச்சிட்டது. பெஞ்சே ஒரு சாண் முன்னால் நகர்ந்துவிட்டது. தலையை ஒரு பக்கமாகத் திருப்பித் திருப்பி மூச்சு வாங்கினாள்.

தாசில்தார் குனிந்து பார்த்தார். "இந்தப் பொண்ணு ஏன் தலையைத் தலையைத் திருப்புது?"

"மூச்சு விட சார்" என்றாள் ஜெயபாய்.

"மண்டபத்துலதான் காத்து தாராளமா இருக்கே?"

மூன்று பேரும் அதை ஒப்புக்கொண்டு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். முடிந்து எழுந்தபோது வேலுத்தாய் பழக்க தோஷத்தில் முகத்தை வழித்துவிட்டு, இல்லாத தண்ணீரைப் புளிச்சென்று மணவறையில் துப்பினாள். ஒழுக்கத்துக்கும் மதிப்பெண் போனது.

அடுத்து கோதைநாயகி. பூர்விகம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் தெரு. அப்பா கண்ணபிரான் ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசில் கணக்கர். பெண்ணுக்குப் பரதநாட்டியம் சொல்லிவைத்திருந்தார். தினமும் சத்துணவுக் கூடத்துக்குத் தவறாமல் வந்தவள் அவள் ஒருத்திதான். அவள் படுத்துக் கயிற்றை இழுத்தபோது கை தாமரைத் தண்டு மாதிரி எழுந்து, மடிந்து, இறங்கியது. மூச்சு விடுகிற அடையாளமே இல்லை. முகத்தில் அப்படி ஒரு அமைதி. அரிசி மில்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோதைநாயகி மாநிலப் போட்டிக்குத் தேர்வானாள்.

மாலையைக் கழற்றாமலே ஓடிவந்து ஜெயபாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், சென்னையில நிஜத் தண்ணியா?"

"ஆமாம்மா."

"நேக்கு நீச்சல் தெரியாதே டீச்சர்! திருமுக்குளத்துல ரெண்டு படி எறங்கினாலே தலை சுத்தும். நான் செத்துப் போயிடுவேன்."

ஜெயபாய் மறுநாள் கழக ஆபீசுக்குப் போனாள். வைகுண்டராஜ் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். கூட்டத்தில் அவர் மட்டும்தான் இருந்தார், ஆனாலும் மத்தியானம் வரைக்கும் நடந்தது. பிறகு கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"சார், அந்தப் பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. மாத்தி வேற ஆளப் போடுங்க."

"முடிவை மாத்தணும்னா காரணம் வேணும் டீச்சர். வயசு தப்பா இருக்கணும். இல்ல வேற மாவட்டத்துப் பொண்ணா இருக்கணும். நீச்சல் தெரியாதுங்கறது காரணத்துல வரல."

"தண்ணியில எறங்குனா செத்துப் போவா சார்."

"அது தேர்வுக்குப் பொறவு நடக்கிற விஷயம். நம்ம பொறுப்பு தேர்வு வரைக்கும்தான்."

"அப்ப வேலுத்தாயையும் கூடக் கூட்டிட்டுப் போவோம் சார். இவளுக்கு ஏதாச்சும்னா அவ குதிச்சுத் தூக்கிருவா."

"ஆள் ஒருத்தருக்குத்தான் அனுமதி. சாமான் எம்புட்டு வேணா போகலாம்."

ஜெயபாய் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. சாப்பிடவும் இல்லை. கோபப்படுவதற்குக்கூட உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது இல்லை.

"அப்ப அவளச் சாமான்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்க சார்" என்றாள்.

வைகுண்டராஜ் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்து யோசித்தார். திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

"சாமானுக்குப் பயணப்படி கிடையாது. பரவாயில்லையா?"

மகாராஜபுரத்துக்குப் போய் இருளம்மாளிடம் சொல்ல வேண்டியிருந்தது. துணைக்கு என்று சொல்லிவிடலாமென்று நினைத்திருந்தாள் ஜெயபாய். அதற்குள் வேலுத்தாயே, "நான் சாமானாப் போறேன்மா. நீச்சச் சாமான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

இருளம்மாள் சிரிக்கவில்லை. களைக்கொத்தியைச் சுவரோரம் சாய்த்துவைத்தாள்.

"தறிக்குப் போனாலும் அப்படித்தான் டீச்சர் வச்சிருப்பாக" என்றாள். "நீங்க திருப்பிக் கொண்டாந்து விட்ருவியள்லா?"

ஜெயபாய் தலையை ஆட்டினாள். 

கொல்லம் மெயில் ராஜபாளையத்துக்கு வந்ததும் சாமான்களைக் கார்டு வண்டியில் ஏற்றினார்கள். சாமான்களோடு வேலுத்தாயும் ஏறப் போனாள். கார்டு தடுத்தார்.

"ஆடு மாடுன்னா ஏத்தலாம். பொண்ணை ஏத்த முடியாதும்மா."

வைகுண்டராஜ் அவரிடம் வாதாடிப் பார்த்தார். கழகத்தில் அவள் சாமான்தான் என்றார். ரயில்வேயில் அவள் பொண்ணுதான் என்றார் கார்டு. இரண்டு இலாகாவும் ஒத்துப்போகாமல் வண்டி கிளம்பும் நேரமாகிவிட்டது. ஜெயபாய் ஓடிப்போய் அவளுக்கு ஒரு சாதா டிக்கெட் எடுத்தாள். முதல் வகுப்பில் வைகுண்டராஜ் ஏறிக்கொண்டார். கோதைநாயகிக்கும் ஜெயபாய்க்கும் படுக்கை போட்டிருந்தது. கோதைநாயகியை ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, ஜெயபாய் சாதாப் பெட்டிக்குப் போய் வேலுத்தாயோடு கக்கூஸ் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். மெட்ராஸ் வரைக்கும் முழங்காலை நீட்ட இடம் கிடைக்கவில்லை.

வைகுண்டராஜ் நீச்சல்குளத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார். "இம்புட்டுத் தண்ணியா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பிறகு மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளின் சாமான்களைப் பார்த்து வேதனைப்பட்டார். நுரைப் பலகைகள் ஓரம் பிய்ந்து கிடந்தன. தட்டுகளின் வார் இற்றுப்போயிருந்தது.

"பாருங்க டீச்சர், என்ன நாசம் பண்ணி வச்சிருக்காங்க. எல்லாம் தண்ணியில போட்டுப் போட்டுத்தான்" என்றார். நம்முடைய சாமான்கள் பாலிதீன் உறைக்குள் புதுப்பெண் மாதிரி பளபளத்தன.

கோதைநாயகியை நாலாவது வரிசையின் குதிமேடையில் ஏற்றி நிறுத்தினார்கள். கழகம் கொடுத்த நீச்சல் உடுப்புக்கு மேல் துப்பட்டாவைப் போர்த்தியிருந்தாள். எடுக்கச் சொன்னால் எடுக்கவில்லை. கீழே நீலமாகத் தண்ணீர் ஆடியது. அவளும் ஆடினாள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் மற்ற பெண்கள் அம்பு மாதிரி பாய்ந்துவிட்டார்கள். கோதைநாயகி அப்படியே மேடையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"கோதை, எந்திரி! எந்திரி!" என்று வைகுண்டராஜ் கத்தினார்.

வேலுத்தாய் ஜெயபாயைப் பார்த்தாள். ஜெயபாய் போ என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துப் பனியனும் அரைக்கால் சட்டையுமாக வேலுத்தாய் ஓடிப்போய் கோதைநாயகியைத் தாண்டிக் குதித்தாள். சளாரென்று தண்ணீர் கரைக்கெல்லாம் தெறித்தது. முன்னால் போனவர்கள் பாதிக் குளம் போயிருந்தார்கள். இவள் தலையைத் தூக்கித் தூக்கித் திருப்பிக்கொண்டு, கண்மாயை அறைந்தமாதிரி குளத்தை அறைந்துகொண்டு துரத்தினாள். நாலாவது வரிசையில் ஒரு பெண் இருக்க வேண்டும், ஒரு பெண் இருந்தாள். நடுவர்களுக்கு அவ்வளவு போதுமாக இருந்தது. கடைசிக்கு முந்தின ஆளாகத் தொட்டாள்.

சென்னை விளையாட்டு விடுதியின் பயிற்சியாளர் காஞ்சனா எழுந்து வந்தார். மெலிந்து கறுத்த அம்மாள், குரல் மட்டும் பெரிசு.

"யாரு இந்தப் பொண்ணு? கை தப்பு, கால் தப்பு, தலை தப்பு. பாதிக் குளம் பின்னாடி குதிச்சு ஒருத்தியைத் தாண்டிட்டா. எங்க பழகினா?"

"கண்மாயில எருமை பத்தி" என்றாள் வேலுத்தாய், மூச்சிரைக்க.

காஞ்சனா சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்தில் நம் சாமான் பெட்டி இருந்தது. பாலிதீனைக் கிழித்துப் பிளாஸ்டிக் தட்டு ஒரு ஜோடியை எடுத்து வேலுத்தாயின் உள்ளங்கையில் மாட்டினார். வைகுண்டராஜ் "அம்மா, அம்மா, அது..." என்று எழுந்திருப்பதற்குள் அவளைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்.

"அடிக்காதே! அறையாதே! கையை முன்னாடி விட்டு, தண்ணியைப் பிடிச்சு, பின்னால தள்ளு. முழங்கை மேல இருக்கட்டும். தப்பா இழுத்தா தட்டு கையைத் திருகும். திருகாம இழு."

முதலில் தட்டு அவள் கையை முறுக்கியது. தடுமாறித் தண்ணீர் குடித்தாள். ஓரத்தைப் பிடித்து நின்று, மறுபடி போனாள். நாலைந்து தடவை போய் வந்தபின் என்னவோ நடந்தது. சத்தம் நின்றுபோயிற்று. தண்ணீர் தெறிக்கவில்லை. கை ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உடம்பு வழுக்கிக்கொண்டு முன்னால் போனது.

"டீச்சர்! தண்ணி கைக்குள்ள நிக்கி டீச்சர்!" என்று நடுக்குளத்திலிருந்து கத்தினாள். "புடிச்சு ஏறிப் போற மாதிரி இருக்கு!"

ஜெயபாய் கரையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காகப் பிள்ளைகள் விசிறிக்கொண்டிருந்த தட்டு. முழங்கையை ஏன் ஒசத்த வேண்டும் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் வைகுண்டராஜும் கைக்குட்டையோடு நின்றார், தட்டு மேலே வந்ததும் துடைப்பதற்கு.

காஞ்சனா அங்கேயே கேட்டுவிட்டார். "இவளை எனக்குக் கொடுங்க. ஒரு வருஷத்துல மாத்திக் காட்டறேன். உங்க கழகம் தேர்ந்தெடுத்த பொண்ணுன்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தாப் போதும்."

"அது முடியாது மேடம்" என்றார் வைகுண்டராஜ். "தேர்ந்தெடுத்த பொண்ணு அதோ உக்காந்திருக்கு. இது தேர்வுல தோத்த பொண்ணு. அடுத்த வருஷம் மண்டபத்துல மறுபடி தேர்வு வைப்போம். தலையைத் திருப்பாம இழுத்தா பார்க்கலாம்."

அடுத்த வருஷம் வேலுத்தாய் தறியில் இருப்பாள்.  ஜெயபாய் கேட்டாள்:

"சாமானா இருந்தா சார்?"

"என்னது?"

"சாமான இந்த ஆபீசுல இருந்து அந்த ஆபீசுக்கு மாத்தணும்னா என்ன செய்யணும்?"

வைகுண்டராஜின் முகம் தெளிந்தது. "அதுக்கென்ன, ஒரு கையெழுத்து போதும். பதிலுக்கு ஒரு சாமான் வாங்கிக்கணும். இருப்பு குறையக் கூடாது, அவ்வளவுதான்."

காஞ்சனா முதலில் சிரித்தார். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். குளத்துக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த ஒரு டைவிங் மேடையைக் காட்டி, "அதை எடுத்துக்கறீங்களா?" என்றார்.

அன்றைக்கே மாற்றிக்கொண்டார்கள். வேலுத்தாய் துவட்டிய தலையோடு ஜெயபாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாட்ட என்ன சொல்லுவிய டீச்சர்?" என்று கேட்டாள்.

"நல்ல எடத்துல விட்டுட்டு வந்திருக்கேன்னு சொல்றேன்" என்றாள் ஜெயபாய். திருப்பிக் கொண்டுவருவதாகத் தலையாட்டியது மனசை உறுத்தியது. ஆனாலும் இதைவிட நல்ல விதமாக அவளால் ஒரு வாக்கை மீறியிருக்க முடியாது.

ஊருக்கு வந்தபின் கோதைநாயகிக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். நாலாவது வரிசையில் நீந்திய பெண் என்ற முறையில் சான்றிதழும் அவளுக்கே வந்திருந்தது. "தண்ணீரில் இறங்காமலேயே மாநில அளவில் ஓர் இடத்தைப் பிடித்த முதல் வீராங்கனை" என்று வைகுண்டராஜ் மைக்கில் சொன்னார். உண்மைதான். அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை அவளே அப்பாவைக் கூட்டிக்கொண்டு மகாராஜபுரத்துக்குப் பஸ் ஏறிப்போய், சான்றிதழை இருளம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்ததாக ஜெயபாய் கேள்விப்பட்டாள்.

அடுத்த பொங்கலுக்கு வேலுத்தாய் ஊருக்கு வந்தாள். தோள் விரிந்து, ஆளே நிமிர்ந்திருந்தாள். பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். மண்டலப் போட்டியில் மூன்றாவதாக வந்திருந்தாள். விடுதியில் எல்லோரும் தினமும் முட்டை தின்கிறார்கள் என்று இருளம்மாளிடம் சொன்னபோது அவள் நம்பவில்லையாம்.

டைவிங் மேடை அதற்கும் பிறகுதான் லாரியில் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில் அதை நட்டுவைத்து, சிமெண்டு பூசி, ஒரு ரிப்பன் கட்டினார்கள். கழகத்தின் பெயரோடு டைவிங்கையும் சேர்த்துக்கொண்டார்கள். ஜெயபாயை அதற்கும் பயிற்றுநராகப் போட்டார்கள்.

வைகுண்டராஜ் பேசினார். "நீச்சலில் நாம் சாதித்துவிட்டோம். இனி டைவிங்."

"எதுல சார் குதிக்க?" என்றாள் ஜெயபாய். கீழே கட்டாந்தரை, அங்கங்கே நெருஞ்சி.

"குதிக்கிறது அடுத்த கட்டம் டீச்சர். இப்போதைக்கு ஏறி நிக்கப் பழக்குங்க. முதல்ல நீங்க ஏறிக் காட்டுங்க."

பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஜெயபாய் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியாக முழங்காலை இழுத்து ஏறினாள். மேலே போய்ப் பலகையில் நின்றாள். மலை முழுசாகத் தெரிந்தது. மில் புகைக்கூண்டுகள் தெரிந்தன. கீழே வைகுண்டராஜின் வழுக்கை சின்னதாகத் தெரிந்தது. கழகத்தின் சத்தம் அவ்வளவாக மேலே ஏறி வரவில்லை.

பலகையின் நுனிவரைக்கும் நடந்துபோய், காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"டீச்சர்! உக்காரக் கூடாது! நிக்கத்தான் அனுமதி!"

அவள் காலை ஆட்டினாள். முழங்கால் வலி செத்த நேரம் இல்லாதிருந்தது.

"சரி, எறங்கியாவது வாங்க! எல்லாரும் பாக்காங்க!"

"ஏறத்தானே சார் சொன்னிய?" என்றாள் ஜெயபாய் மேலேயிருந்து. "எறங்குறதுக்கு உத்தரவு வரட்டும். அதுவரைக்கும் இருக்கேன்."

 வைகுண்டராஜ் அந்த உத்தரவை எந்த ஆபீசில் கேட்டு வாங்குவது என்று யோசிக்க ஆரம்பித்தார். மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. பலகை மெல்ல ஆடியது.